தப்பிப்போன அரசியல் கணிப்புகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வீடு மாற்றுவதற்காக அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய நீள நோட்டு கையில் கிடைத்தது. அட்டையில் 'கணிப்பு' என்று மட்டும் எழுதியிருந்தது. அந்தக் காலத்து அலுவலக நண்பர்கள் பதினொரு பேர் சேர்ந்து வைத்திருந்த நோட்டு அது. ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் ஆளுக்கு ஒரு வரி. யாருக்கு எத்தனை இடம், யார் பிரதமர், கீழே கையெழுத்து. எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தை மடித்து ஓரத்தில் பசை தடவி ஒட்டிவிடுவோம். முடிவு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும்.

2004ஆம் ஆண்டுப் பக்கத்தை இப்போது பிரித்துப் பார்த்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பதினொரு பேரும் வாஜ்பாய் என்றே எழுதியிருக்கிறோம். பதினொரு பேரில் பா.ஜ.க. ஆதரவாளர் இரண்டு பேர்தான். மீதிப் பேர் வாஜ்பாய் வரக்கூடாது என்று வாதாடிக்கொண்டே, வருவார் என்று எழுதியவர்கள். ஏன் அப்படி எழுதினோம் என்று யோசித்தால் காரணம் எளிதாகத்தான் இருக்கிறது. முந்தைய டிசம்பரில் மூன்று மாநிலங்களை அந்தக் கட்சி பிடித்திருந்தது. தேர்தலையே சில மாதம் முன்னால் இழுத்து வைத்தார்கள். 'இந்தியா ஒளிர்கிறது' விளம்பரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் பட்டது. கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்த பின்னால் வந்த கணிப்புகள்கூட பா.ஜ.க. கூட்டணிக்கு 230 இடங்களுக்குக் குறைத்துச் சொல்லவில்லை.

மே 13. காங்கிரஸ் 145, பா.ஜ.க. 138. எண்களைவிட எனக்கு நன்றாக நினைவிருப்பது அன்று மதியம் அலுவலகத்தில் இருந்த அமைதி. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, யாரும் பேசவில்லை. எங்கள் கணக்காளர் மெதுவாக எழுந்து போய் நோட்டை எடுத்து வந்தார், பக்கத்தைப் பிரித்தார், ஒன்று முதல் பதினொன்று வரை சத்தமாக வாசித்தார். நாலாவது பெயருக்கு வரும்போதே எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டோம். ஜெயித்ததை நினைத்தோ தோற்றதை நினைத்தோ வந்த சிரிப்பில்லை அது. கோடிக்கணக்கான பேர் சத்தமே போடாமல் எங்களுக்குத் தெரியாமல் ஒரு காரியத்தைச் செய்து முடித்துவிட்டார்கள் என்ற வியப்பு. எனக்கு இன்றும் தேர்தல் பிடிப்பது அந்த வியப்புக்காகத்தான்.

உங்களுக்கும் இப்படி ஒன்றிரண்டு இருக்கும். சொல்லுங்கள்.

* * *

நான் கணித்தவள் இல்லை. கணிப்புக்காகத் தெருவில் நின்றவள்.

2016 தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல். கல்லூரி இறுதியாண்டு. ஒரு நிறுவனத்துக்காக வாக்குப்பதிவு நாளன்று எடுக்கும் கணிப்புக்குப் போனேன். வாக்குச்சாவடியிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். வெளியே வருபவர்களில் ஒவ்வொரு ஐந்தாவது ஆளையும் நிறுத்தி, சின்னங்கள் அச்சடித்த மாதிரிச் சீட்டையும் பேனாவையும் கொடுக்க வேண்டும். அவர் குறியிட்டு மடித்து, என் கழுத்தில் தொங்கும் அட்டைப்பெட்டியில் போட வேண்டும். நான் பார்க்கக் கூடாது. பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்.

அன்று காலை பத்தரை மணி இருக்கும். எழுபது வயதுக்கு மேலே இருக்கும் ஒரு பாட்டி. விரலில் மை இன்னும் காயவில்லை, அது சீட்டில் ஒட்டிவிடக் கூடாதே என்று அந்த விரலை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு சீட்டை வாங்கினார். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். ரொம்ப நேரம் ஆயிற்று. அப்புறம் சீட்டை எட்டாக மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, "உள்ள போட்டது உள்ளயே இருக்கட்டும் கண்ணு" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். மாலையில் பெட்டியைத் திறந்தபோது எட்டாக மடித்த சீட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பிரித்துப் பார்த்தேன், வெற்றுச் சீட்டு. பேனா பட்ட அடையாளமே இல்லை.

அதேபோல வெற்றுச் சீட்டுகள் இன்னும் பல இருந்தன. என்ன செய்வது என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "பதில் சொல்லாதவங்களைக் கணக்குல சேர்க்காதம்மா, பதில் சொன்னவங்களை வெச்சு விழுக்காடு போடு" என்றார். அப்படியே போட்டுக் கொடுத்தேன்.

அந்த முறை பெரும்பாலான கணிப்புகள் தி.மு.க. ஆட்சி என்றன. மே 19 அன்று அ.தி.மு.க.வுக்கு 134 இடங்கள் வந்தன. 1984க்குப் பிறகு ஆளுங்கட்சியே தமிழ்நாட்டில் திரும்ப வந்தது அப்போதுதான். எங்கள் பெட்டியில் விழுந்த வெற்றுச் சீட்டுகள் எல்லாம் அந்தப் பக்கம் விழுந்த வாக்குகள் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் தொலைக்காட்சியில் எண்கள் மாறிக்கொண்டிருந்தபோது அந்தப் பாட்டியின் முதுகுதான் என் கண்முன் நின்றது. நினைத்தால் இன்றும் முகம் மலர்ந்துவிடும் எனக்கு.

* * *

மேலே எழுதிய தங்கைக்கு வணக்கம். நான் கொஞ்சம் பழைய ஆள், 1980இல் இருந்து சொல்கிறேன்.

அந்த ஜனவரியில் நாடாளுமன்றத் தேர்தல். இந்திரா காந்தியின் காங்கிரசும் தி.மு.க.வும் சேர்ந்த கூட்டணி தமிழ்நாட்டில் 39இல் 37 இடங்களை அள்ளியது. எம்.ஜி.ஆர். கட்சிக்குக் கிடைத்தது கோபிசெட்டிப்பாளையமும் சிவகாசியும் மட்டும். பிப்ரவரியில் அவர் ஆட்சியையும் கலைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற தாசில்தார், அரசியலில் கரை கண்டவர் என்று பெயர். திண்ணையில் சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதி, இரண்டு தொகுதிக்குப் பன்னிரண்டு, போனால் போகிறது என்று இன்னும் பத்து சேர்த்துக்கொள், 22. "இத்தோட எம்.ஜி.ஆர். கதை முடிஞ்சுது" என்று 22க்குக் கீழே இரண்டு கோடு போட்டார். கணக்கில் தப்பே கிடையாது.

மே கடைசியில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. அ.தி.மு.க. 129. தனிப் பெரும்பான்மை.

பெரியவர் மறுநாள் சிலேட்டோடு எங்கள் வீட்டுக்கே வந்தார். 22 அப்படியே இருந்தது, அழிக்கவில்லை. என் அம்மாவைக் கூப்பிட்டு, "ஜனவரியில யாருக்குப் போட்டே, இப்ப யாருக்குப் போட்டே, நிஜத்தைச் சொல்லும்மா" என்றார். அம்மா சொன்னார்: "டெல்லிக்கு அந்தம்மா, இங்க இவரு. இதுல என்னங்கையா குழப்பம்?" பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவ்வளவு நேர்மையாகத் தோல்வியை ரசித்த மனிதரை நான் பார்த்ததில்லை. நாடாளுமன்றத்துக்கு ஒரு மாதிரியும் சட்டமன்றத்துக்கு ஒரு மாதிரியும் மக்கள் வாக்களிப்பார்கள் என்று இப்போது எல்லா விவாதத்திலும் சொல்கிறார்கள். என் அம்மா அதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

இதற்கு முந்தைய கதை 1967. அது என் அப்பா சொல்லிக் கேட்டது. விபத்தில் காலில் அடிபட்டிருந்த காமராஜர் 'படுத்துக்கொண்டே ஜெயிப்பேன்' என்று சொன்னதாக இன்றும் சொல்வார்கள். விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். அப்பா காமராஜர் பக்தர். இந்த இடத்துக்கு வரும்போது மட்டும் அவர் சிரிக்க மாட்டார். எனக்கும் சிரிக்கத் தோன்றியதில்லை.

* * *

சுருக்கமாக ஒன்று. நான் இரண்டு தேர்தல்களில் வாக்கு எண்ணும் இடத்தில் வேட்பாளரின் முகவராக உட்கார்ந்திருக்கிறேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பதினான்கு மேசை. ஒரு சுற்றுக்குப் பதினான்கு இயந்திரம். முதல் மூன்று சுற்றில் எங்கள் ஆள் நாலாயிரம் வாக்கு முன்னிலை. வெளியே வெடிச் சத்தம் கேட்டது. என் கையிலோ சாவடி வாரியான பட்டியல், முதல் மூன்று சுற்றும் எங்களுக்குச் செல்வாக்கான ஊர்கள் என்பது அதைப் பார்த்தாலே தெரிந்தது. உள்ளே போன் கிடையாது, வெளியே இருப்பவர்களிடம் 'வெடியை நிறுத்துங்கள், பொறுங்கள்' என்று சொல்ல வழியே இல்லை. பதினோராவது சுற்றில் பின்தங்கினோம். சாயங்காலம் வெளியே வந்தபோது எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் மிச்சமிருந்த எங்கள் வெடியைக் காட்டி, "அண்ணே, இதை நாங்க வாங்கிக்கலாமா?" என்று நிஜமாகவே கேட்டார். கொடுத்துவிட்டேன்.

2024 அக்டோபரில் ஹரியானா எண்ணிக்கை நடந்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. கணிப்புகள் காங்கிரஸ் என்றன. காலை முதல் முன்னிலையும் காங்கிரசுக்கு. கொண்டாட்டமே தொடங்கிவிட்டது. கடைசியில் பா.ஜ.க. 90க்கு 48.

* * *

வெற்றுச் சீட்டுக் கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் நான் சொல்வது அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகையின் கதையைத்தான். 1936இல் அவர்கள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பினார்கள். 23 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. இவ்வளவு பெரிய கணக்கெடுப்பு தப்பாகுமா? அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னார்கள். 48 மாநிலங்களில் 46 ரூஸ்வெல்ட்டுக்குப் போயின. தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும் பெயர் எடுத்திருந்தார்கள். பஞ்ச காலம் போன்ற அந்த ஆண்டுகளில் தொலைபேசியும் காரும் யாரிடம் இருந்திருக்கும்! அதைவிட முக்கியம், முக்கால்வாசிப் பேர் சீட்டைத் திருப்பி அனுப்பவே இல்லை. அந்த முக்கால்வாசியை யாரும் பொருட்படுத்தவில்லை. தங்கை சொன்ன மேற்பார்வையாளர் 80 ஆண்டு கழித்துச் செய்ததும் அதேதான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர்கள்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. டிரம்ப் 240 தேர்வாளர் வாக்குகளுக்கு (அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலப் பிரதிநிதிகளின் வாக்குகள்) மேல் வாங்கினால் பூச்சியைத் தின்கிறேன் என்று சொன்ன பிரின்ஸ்டன் பேராசிரியர் சாம் வாங், 2016 நவம்பரில் தொலைக்காட்சி நேரலையில் பூச்சியைத் தின்றார். பிரிட்டனில் தொழிற்கட்சி 38 விழுக்காட்டைத் தொடாது, தொட்டால் என் புத்தகத்தையே தின்கிறேன் என்றார் அரசியல் பேராசிரியர் மேத்யூ குட்வின். 2017 தேர்தலில் 40 வந்தது. நேரலையில் தாளைக் கிழித்து மென்றார். தப்பைத் தப்பு என்று ஒப்புக்கொள்ள இவ்வளவு துணிச்சல் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? இந்த இருவரையும் நான் மாணவர்களிடம் பெருமையாகவே சொல்வேன்.

2015 பிகாரையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனத்தின் கணிப்பு நிதிஷ் - லாலு கூட்டணிக்கு 169 முதல் 183 வரை என்று வந்தது. மற்ற எல்லாவற்றையும்விட மிக அதிகமாக இருந்ததால் அதைக் கேட்டிருந்த தொலைக்காட்சி ஒளிபரப்பவே இல்லை. முடிவு 178. தப்பான கணிப்புகள் எல்லாம் திரையில் ஓடின, சரியானது பெட்டிக்குள் கிடந்தது.

* * *

இடங்களின் எண்ணிக்கையை விடுங்கள், காலத்தையே கணித்தவர்கள் இருக்கிறார்கள். நான் இவற்றைச் சேர்த்து வைப்பவன். மூன்று மட்டும் சொல்கிறேன்.

1967இல் லண்டன் 'டைம்ஸ்' செய்தியாளர் நெவில் மேக்ஸ்வெல், இந்தியாவில் நடக்கப்போகும் நான்காவது பொதுத்தேர்தல்தான் நிச்சயம் கடைசி என்று எழுதினார். 2024இல் நடந்தது பதினெட்டாவது.

1973இல் குழந்தைகளுக்கான ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், என் ஆயுளில் ஒரு பெண் பிரதமராக வருவார் என்று நான் நினைக்கவில்லை என்றார் பிரிட்டனின் கல்வி அமைச்சர். அவர் மார்கரெட் தாட்சர். ஆறே ஆண்டு.

1989 ஜனவரியில் கிழக்கு ஜெர்மனியின் தலைவர் ஹோனெக்கர், காரணங்கள் நீங்காதவரை பெர்லின் சுவர் ஐம்பது ஆண்டிலும் நூறு ஆண்டிலும் நிற்கும் என்றார். நவம்பர் 9ஆம் தேதி இரவு மக்கள் அந்தச் சுவர்மேல் ஏறி நின்றார்கள். அந்தப் படத்தை நாளிதழிலிருந்து வெட்டி வைத்திருக்கிறேன். என் தொகுப்பில் எதைக் கொடுத்தாலும் அதைக் கொடுக்க மாட்டேன்.

* * *

நோட்டுக்காரன் மறுபடியும் வந்திருக்கிறேன். எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துவிட்டேன். சிலேட்டுப் பெரியவரைப் பார்க்க முடியாமல் போனதே என்று இருக்கிறது.

நோட்டின் கடைசிப் பக்கம் 2024. பழைய நண்பர்களில் ஐந்து பேர்தான் இப்போது தொடர்பில் இருக்கிறோம், போனில் கேட்டு நானே எழுதினேன். ஜூன் 1 அன்று வந்த கணிப்புகள் பெரும்பாலும் ஆளும் கூட்டணிக்கு 350க்கு மேல் என்றன. நாங்களும் அதையொட்டியே எழுதினோம். ஜூன் 4 அன்று வந்தது 293. பா.ஜ.க. தனியாக 240, பெரும்பான்மைக்குத் தேவை 272. ஒரு கணிப்பு நிறுவனத்தின் தலைவர் நேரலையிலேயே கண்கலங்கினார். அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, பாவமாக இருந்தது.

அந்தப் பக்கத்தில் ஐந்து பேருக்குக் கீழே ஆறாவதாக ஒரு வரி இருக்கிறது. என் மகள் எழுதியது. அவளுக்கு அது முதல் வாக்கு. '272 யாருக்கும் தனியாக வராது' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "வகுப்புல எல்லாரும் எதுவுமே சொல்லாம இருந்தாங்கப்பா" என்றாள். சரி, நீ யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன். நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.