சந்தா வருகிறது, ஆள் வருவதில்லை: வக்கீல் சங்கத் தலைவரின் கேள்வி

விளவங்கோட்டுக்காரி எழுதியது:

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் ஒரு கோர்ட்டில் 21 ஆண்டுகளாகத் தொழில் செய்கிறேன். எந்தக் கோர்ட் என்று சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக் காலை டீக்கடையில் இந்தப் பதிவை எனக்கே வாசித்துக் காட்டுவார்கள். மார்ச் மாதத் தேர்தலில் சங்கத் தலைவராக வந்துவிட்டேன். வித்தியாசம் 9 வாக்கு. எதிர்த்து நின்றவர் என் சீனியரின் மருமகன். அந்த 9 வாக்கு யார் யாருடையது என்று அந்த வீட்டில் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டியலில் 236 பேர். தேர்தலுக்கு முந்தின வாரம் சந்தா பாக்கி முழுவதும் வந்து விழுந்தது. மூன்று ஆண்டுப் பாக்கியை ஒரே நாளில் கட்டியவர்களும் உண்டு. யார் பணம் என்று கேட்கக் கூடாது. ஜூனில் நான் கூட்டிய முதல் பொதுக்குழுவுக்கு 27 பேர் வந்தார்கள். அதில் ஐந்தாறு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். பொருளாளர் கணக்கு வாசித்து முடிப்பதற்குள் பருப்பு வடை முடிந்தது. வடையோடு கூட்டமும் முடிந்தது.

சங்கம் என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது கோர்ட் புறக்கணிப்பு, இரங்கல் கூட்டம், தேர்தல். முதல் இரண்டுக்கும் தீர்மான வாசகம் ஒரு பழைய நோட்டில் தயாராக இருக்கிறது. பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். இவை இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, ஒரு வக்கீல் பார் ரூமுக்குள், அதாவது சங்கத்தின் அறைக்குள், எதற்காக வர வேண்டும்? என்னிடம் பதில் இல்லை.

பேச்சாளரை அழைத்துப் பார்த்தேன். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டங்களைப் பற்றி ஒருவர் நாகர்கோவிலிலிருந்து வந்து அருமையாகப் பேசினார். கேட்டவர்கள் 14 பேர். பொன்னாடை போர்த்தி முடிக்கவே 20 நிமிடம் ஆனது. வாட்ஸ்அப் குழுவில் மட்டும் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள்: காலை வணக்கம், சேமநல நிதி முத்திரை யாரிடம் இருக்கிறது, நீதிபதி விடுப்பா.

சங்கம் நடத்தியவர்கள் சொல்லுங்கள். உங்கள் ஆட்களை உள்ளே வரவைத்தது எது? 'ஒற்றுமையாக இருங்கள்' என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். அதை என் சீனியரே தினமும் சொல்கிறார்.

கோட்டாறு அண்ணாச்சி எழுதியது:

மேடம், வாழ்த்து. நான் இரண்டு முறை செயலாளராக இருந்தவன். இனி நிற்பதில்லை என்று வீட்டில் சத்தியம் செய்திருக்கிறேன்.

முதலில் பட்டியலைக் கழுவுங்கள். நான் பொறுப்பேற்றபோது எங்கள் பட்டியலில் இறந்துபோனவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் வாக்கும் போட்டிருந்தார். வேறு ஊர் சங்கத்திலும் வாக்கு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். உச்ச நீதிமன்றத்திலேயே இந்தத் தகராறு வந்து, 2011-ல் 'ஒரு சங்கம், ஒரு வாக்கு' என்ற விதியை ஏற்றுத் தீர்ப்புச் சொன்னார்கள். சங்கம் 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு பெற்றதுதானே? ஆண்டுக் கணக்கும் பொறுப்பாளர் மாற்றமும் பதிவாளருக்குப் போயிருக்கிறதா என்று உங்களுக்கு முந்தினவரிடம் கேளுங்கள். முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தாலே பதில் கிடைக்கும்.

புறக்கணிப்பு விஷயத்தில் என் வழி ஒன்று உண்டு. வக்கீலுக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று ஹரீஷ் உப்பல் வழக்கில் 2002 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. ஆனால் தீர்ப்பைக் காட்டித் தடுக்கப் போனால் உங்களைத் துரோகி என்பார்கள். நான் தீர்ப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. தீர்மானம் கொண்டுவருபவர் எழுந்து பேச வேண்டும், ஆதரிக்கிறவர்கள் மினிட் புத்தகத்தில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் வைத்தேன். பேனாவை நீட்டியதும் பாதிப் பேருக்குக் கோபம் தணிந்துவிட்டது.

மதுரைக் கிளைக்காரன் எழுதியது:

தக்கலையில் தொடங்கி இப்போது மதுரையில் இருக்கிறேன். 2004 ஜூலையில் இங்கே உயர் நீதிமன்றத்தின் அமர்வு வந்ததிலிருந்து நம் மாவட்ட அப்பீல் எல்லாம் இங்கேதான். வாரம் ஒரு ஆன்லைன் கருத்தரங்கு வையுங்கள், நான் ஆள் பிடித்துத் தருகிறேன். சான்றிதழும் கொடுக்கலாம்.

மூன்றாம் வருட ஜூனியர் எழுதியது:

அக்கா, நான் உங்கள் சங்கம் இல்லை, பக்கத்துக் கோர்ட். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் எங்கள் பார் ரூம் மாதிரியே இருக்கிறது.

நாங்கள் ஏன் வருவதில்லை என்று சொல்கிறேன். உட்கார இடம் இல்லை. நாற்காலிகள் காலியாகத்தான் கிடக்கும். ஆனால் ஒவ்வொன்றும் இன்னாருடையது. மின்விசிறிக்குக் கீழே இருக்கும் நாற்காலிக்கு உரியவர் கோர்ட்டுக்கு வந்தே எட்டு மாதம் ஆகிறது. அதில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டேன், குமாஸ்தா வந்து எழுப்பினார். பெண்கள் கழிவறைச் சாவிக்கு இரண்டு பேரிடம் கேட்க வேண்டும், இரண்டு பேரும் ஆண்கள். செயற்குழுவில் பெண் யாரும் இல்லை. உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்கத்தின் செயற்குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று 2024 மே மாதம் உத்தரவானபோது அந்தச் செய்தியைக் குழுவில் போட்டேன். பதிலுக்கு ஒருவர் ரோஜாப்பூ படம் அனுப்பினார்.

ஜூனியருக்கு மாதம் குறைந்தது 15,000 ரூபாய் என்று அதே ஆண்டு மாநில பார் கவுன்சில் சொன்னது. மதுரை, கோவை, சென்னைக்கு 20,000. எனக்கு வருவது 6,000. கோயில் கொடை மாதத்தில் அதுவும் மறந்துபோகும். இதைப் பேச ஒரு சங்கம் இருக்கிறது என்று தெரிந்தால் வருவேன்.

இன்னொன்று. மலையாளத்தில் எழுதிய பழைய ஆதாரம் (பத்திரம்) எனக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு பாகப்பிரிவினை வழக்கில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) 1105 என்று இருந்ததை 825 கூட்டி 1930 என்று எழுதிவிட்டேன். மாதம் துலாம், அதாவது ஐப்பசி. கொல்லம் ஆண்டு ஆவணியில் தொடங்குவதால் அது 1929. எதிர்த்தரப்பு வக்கீல் திறந்த கோர்ட்டில் சிரித்தார். இதை யாராவது சொல்லிக்கொடுத்தால் தரையில்கூட உட்காருவேன்.

கோட்டாறு அண்ணாச்சி எழுதியது:

மகளே, நாற்காலிக் கதை இந்த ஊருக்குப் புதிது இல்லை. திருவிதாங்கூர் காலத்தில் நாகர்கோவில் வக்கீல்களிடையே யாருக்கு நாற்காலி, யாருக்கு முக்காலி என்று சாதி பார்த்ததையும், அதை எதிர்த்து நின்றவர், பின்னாளில் குமரியைத் தமிழகத்தோடு இணைக்கப் போராடிய நேசமணி என்பதையும் என் சீனியர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்று அந்த முக்காலி இல்லை. மின்விசிறி வந்திருக்கிறது.

விளவங்கோட்டுக்காரி எழுதியது (ஏழு வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. மதுரைத் தம்பி கோபிக்க வேண்டாம், ஆன்லைன் கருத்தரங்கு வைக்கவில்லை. எங்கள் ஆட்கள் வீடியோவை அணைத்துவிட்டு வாய்தா வாங்கப் போய்விடுவார்கள்.

ஜூனியர் தங்கை எழுதிய கடைசிப் பத்தியைப் பிடித்துக்கொண்டேன். பாறசாலைப் பக்கம், ஆதாரம் எழுதியே 40 ஆண்டு கழித்த ஒரு பெரியவர் இருக்கிறார். வயது 79. பஸ் செலவும் மதியச் சாப்பாடும் போதும் என்றார். புதன்கிழமை 1.30 முதல் 2.15 வரை. பேச்சாளர் மேடை, பொன்னாடை, வரவேற்புரை எதுவும் கிடையாது. அவரவர் கேஸ் கட்டில் இருக்கும் ஆதாரத்தின் நகலை அவரவரே கொண்டுவர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

முதல் புதன் 11 பேர். நான்காவது புதன் 34. அதில் எனக்கு எதிராக நின்றவரும் உண்டு. அவருடைய கட்சிக்காரரின் இஷ்டதான ஆதாரத்தில் ஒரு வரி யாருக்கும் புரியவில்லை. பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, 'புரையிடம்' என்பதை இவர்கள் வயல் என்று மொழிபெயர்த்துப் பிராது போட்டிருப்பதைக் காட்டினார். வீட்டுமனையும் தென்னந்தோப்பும் வயலாகிவிட்டன! தண்டப்பேர், ஒழுகு, குழிக்காணம் என்று பழைய நில ஆவணங்களில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் அவரிடம் ஒரு கதை இருக்கிறது. குமரி தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1-க்கு முன் எழுதிய காகிதங்களை வைத்துத்தான் நம் ஊர் சிவில் வழக்கில் பாதி ஓடுகிறது. ஆனால் அவற்றை வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் சங்கத்தில் ஏழே பேர், எல்லோரும் 65-ஐத் தாண்டியவர்கள். அந்த ஏழு பேரும் இப்போது பெரியவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து அவர் சொல்வதைத் திருத்துகிறார்கள். அவர்களை மூன்று ஆண்டுகளாகப் பார் ரூமில் யாரும் பார்த்ததில்லை.

அண்ணாச்சி சொன்ன பட்டியல் வேலையும் நடக்கிறது. எங்களிடம் இறந்தவர்கள் மூவர்தான். அந்த அளவில் நாங்கள் உங்களைவிட மேல். கழிவறைச் சாவி இப்போது கதவிலேயே தொங்குகிறது. உதவித்தொகைக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. தீர்மானமாகக் கொண்டுவந்தால் சீனியர்கள் ஜூனியரையே வைத்துக்கொள்ளமாட்டார்கள் என்று என் செயலாளர் பயப்படுகிறார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. என் ஜூனியருக்கு 15,000 கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன், அவ்வளவுதான் இப்போதைக்கு.

நாற்காலிக்கு வருகிறேன். வகுப்புக்காக எல்லா நாற்காலிகளையும் சுவரோரம் தள்ளி பெஞ்சு போட்டோம். வகுப்பு முடிந்தும் யாரும் பழைய இடத்தில் போடவில்லை. மறுவாரம் ஒரு மூத்தவரிடமிருந்து எழுத்து மூலமாகப் புகார் வந்தது: 1994 முதல் தாம் உட்கார்ந்த இடம் பறிபோயிற்று, தலைவர் விளக்கம் தர வேண்டும். அதை அப்படியே பொதுக்குழுவின் பொருள் நிரலில் சேர்த்தேன்.

வந்தவர்கள் 88 பேர். வடை இரண்டு முறை வாங்க வேண்டியிருந்தது. இரண்டரை மணி நேரம் விவாதம். அனுபவ பாத்தியம், அதாவது நெடுநாள் அனுபவித்ததால் வரும் உரிமை, நாற்காலிக்குப் பொருந்துமா என்று ஒருவர் தீர்ப்பு நகல்களோடு வந்திருந்தார். பெண்கள் 19 பேரும் பேசினார்கள். முடிவு எட்டவில்லை. செப்டம்பர் 12-க்கு வாய்தா போட்டிருக்கிறேன். அதுவரை பெஞ்சு.