‘ஹனா’வுக்குப் பிறகு எந்தப் பக்கம் போவது? ஜப்பானிய மின்னணுப் பாப் இசை பற்றி உதவி தேவை

ஒலிவேட்டை:

அனைவருக்கும் வணக்கம். 2013ஆம் ஆண்டு வெளிவந்த ‘அகு நோ ஹனா’ அனிமே தொடரின் நிறைவுப் பாடல் வழியாக, அசா-சாங் & ஜுன்ரே என்னும் குழுவின் ‘ஹனா’ பாடலை அண்மையில் கேட்டேன். தந்தி வாத்தியங்களின் சிறு துணுக்கு ஒன்று ஓயாமல் சுழன்றுகொண்டிருக்க, ஓர் ஆண்குரலும் ஒரு பெண்குரலும் வரிகளை அசையசையாக நறுக்கிப் பேசுகின்றன; ஒவ்வோர் அசையும் விழும் இடத்திலேயே தபலாவின் அடியும் விழுகிறது. பேச்சைத் தபலா பின்தொடர்கிறதா, தபலாவுக்குப் பேச்சு வாயசைக்கிறதா என்று பிரித்தறிய முடியவில்லை. பாட்டு என்று உறுதியாகச் சொல்லவும் முடியாமல், வெறும் சோதனை முயற்சி என்று ஒதுக்கவும் முடியாமல் இருக்கும் இந்த வகை விளையாட்டுதான் எனக்கு வேண்டும்.

சிக்கல்கள் மூன்று உள்ளன. முதலாவது, நான் பயன்படுத்தும் இசைச் செயலி இந்தப் பாடல் முடிந்ததும் ‘சிட்டி பாப்’ எனப்படும் எண்பதுகளின் மெருகேறிய ஜப்பானிய நகர்ப்புறப் பாப் பாடல்களுக்கோ, படிக்கும்போது பின்னணியில் ஓடவிடும் மென்மையான இசைக்கோ என்னை இழுத்துச் சென்றுவிடுகிறது. இரண்டையும் நான் குறைசொல்லவில்லை. ஆனால் நான் தேடும் குறும்பு அவற்றில் இல்லை. இரண்டாவது, ஒரே கலைஞருக்கு இரண்டு பக்கங்கள் தென்படுகின்றன. ஒன்றில் இருக்கும் தொகுப்புகள் மற்றொன்றில் இல்லை. மூன்றாவது, நண்பர் ஒருவர் தம் பழைய வன்தட்டிலிருந்து கொடுத்த ஜப்பானிய எம்பி3 கோப்புகளில் பாடலின் பெயர், பாடியவர் பெயர் எல்லாம் ஐரோப்பிய உச்சரிப்புக் குறிகளும் நாணயச் சின்னங்களும் கலந்த குப்பையாகத் தெரிகின்றன. எங்கிருந்து தொடங்கலாம் என்று தெரிந்தவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

நாடாப்பெட்டி:

நண்பரே, செயலி உங்களைச் சிட்டி பாப்புக்கு இழுப்பதில் வியப்பில்லை. அந்தக் காலத்தில் இவ்விரு இசைகளையும் வாசித்தவர்களில் பலர் ஒரே ஆட்கள். 1978இல் வந்த ‘பசிஃபிக்’ என்னும் தொகுப்பில் ஹருவோமி ஹொசோனோ, ஷிகேரு சுசுகி, தட்சுரோ யமஷிதா ஆகிய மூவரின் இசையும் இடம்பெற்றன. யமஷிதா பிற்பாடு சிட்டி பாப்பின் முகமாகவே ஆகிவிட்டார். அதே தட்டில் ஹொசோனோ அளித்த ‘காஸ்மிக் சர்ஃபின்’ என்னும் இசையோ, ரியூச்சி சகமோட்டோ, யுகிஹிரோ தகஹஷி ஆகியோருடன் சேர்ந்து அவர் அந்த ஆண்டின் இறுதியில் வெளியிட்ட, எல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா என்னும் மின்னணு இசைக்குழுவின் முதல் தொகுப்பிலும் இருக்கிறது. இரண்டு கிளைகளும் பிரிகிற இடத்தில் கூட்டம் மிகுந்த கிளைக்கே செயலி உங்களை அனுப்பும். ஆகவே வகைப்பெயரை வைத்துத் தேடுவதை விட்டுவிட்டு, ஒரு தட்டின் உறையில் அச்சிட்டிருக்கும் ஆட்களின் பெயர்களை, குறிப்பாகத் தபலா வாசித்தவர் யார், கருவிகளுக்கு நிரல் எழுதியவர் யார் என்பதைப் பிடித்துக்கொண்டு நகருங்கள்.

உங்கள் ‘ஹனா’விலிருந்தே தொடங்குவோம். அதில் தபலா வாசித்தவர் யுஸான். அனிந்தோ சாட்டர்ஜி, ஜாகிர் உசேன் ஆகியோரிடம் முறையாகக் கற்றவர். அவர் ரெய் ஹரகாமி என்பவருடன் இணைந்தும் இசைத்திருக்கிறார். கியோட்டோவில் இருந்து இயங்கிய ஹரகாமி, ரோலண்ட் நிறுவனத்தின் எஸ்.சி.-88 ப்ரோ என்னும் பெட்டியையே பெரும்பாலும் தம் ஒலிமூலமாக வைத்திருந்தார். வீட்டுக் கணினியில் பொழுதுபோக்காக இசையமைப்போருக்காக விற்கப்பட்ட பெட்டி அது. அதன் ஆயத்த ஒலிகளைத் தொழில்முறைக் கலைஞர்கள் பொதுவாகச் சீண்டமாட்டார்கள். அந்த ஒலிகளை வளைத்தும் வழுக்கவிட்டும் அவர் செய்த ‘ரெட் கர்ப்’ (2001), ‘லஸ்ட்’ (2005) ஆகிய தொகுப்புகளைக் கேளுங்கள். ‘லஸ்ட்’ தொகுப்பில் அவரே பாடும் ‘ஒவாரி நோ கிசெட்சு’, ஹொசோனோ 1973இல் பாடிய பாடலாகும். பாடகி அகிகோ யானோவுடன் ஹரகாமி அமைத்த யானோகாமி இணையும் 2007இல் ஒரு தொகுப்பை வெளியிட்டது. யானோவோ எல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ராவின் வெளிநாட்டுப் பயணங்களில் விசைப்பலகை வாசித்தவர். ஹரகாமி 2011இல் காலமானார். தொகுப்புகள் குறைவு என்றாலும் ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள்.

இப்படி எந்தப் பக்கம் போனாலும் ஹொசோனோவிடம்தான் வந்து சேருவீர்கள். எல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் தொகுப்பு வெளிவருவதற்குச் சற்று முன்பு, ஓவியர் தடனோரி யோகூவுடன் மேற்கொண்ட இந்தியப் பயணத்தை அடுத்து அவர் செய்த தொகுப்பு ‘கொச்சின் மூன்’ (1978). அதன் கடைசி இசையின் பெயர் ‘மேடம் கான்சல் ஜெனரல் ஆஃப் மெட்ராஸ்’. தலைப்பைக் கண்டு வீணையும் மிருதங்கமும் கேட்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குமிழியிடும், சொட்டும், பூச்சிபோல் ரீங்கரிக்கும் மின்னணு ஒலிகளே முழுக்க முழுக்க. நம் ஊரின் பெயரைத் தாங்கிய விசித்திரங்களில் இதற்கு இணையான ஒன்றை நான் கேட்டதில்லை.

அந்தத் தட்டிலும் எல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் தட்டுகளிலும் நிரல் பணியைச் செய்தவர் ஹிடெகி மட்சுடகே. அவரிடம் இருந்தது 1977இல் ரோலண்ட் வெளியிட்ட எம்.சி.-8 என்னும் கருவி. அதில் விசைப்பலகையை வாசிக்க இயலாது. ஒவ்வொரு சுரத்துக்கும் அதன் உயரம் எவ்வளவு, அடுத்த சுரம் எத்தனை அலகு கழித்து வர வேண்டும், அந்த இடைவெளிக்குள் ஒலி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று மூன்று எண்களைக் கணக்குப்பொறி போன்ற எண்விசைகளில் தட்டித் தட்டிப் பதிந்து, முடிந்ததை ஒலிநாடாவில் சேமிக்க வேண்டும். அந்த இசையில் கேட்கும் இறுக்கத்துக்கு இந்த உழைப்பு ஒரு முக்கியக் காரணம். அதன்மேல் தகஹஷி மனிதக் கையால் முரசு வாசித்ததால்தான் அது இயந்திரச் சத்தமாக நின்றுவிடவில்லை. ‘சாலிட் ஸ்டேட் சர்வைவர்’ (1979) தொகுப்பின் முதல் இசையில் இயந்திரக் குரல் ஒன்று ‘டோக்கியோ’ என்று அழைப்பதிலிருந்து தொடங்குங்கள். குறும்பு இன்னும் முற்றிய நிலையில் வேண்டுமானால் 1981இல் வந்த ‘டெக்னோடெலிக்’ போதும். ஒலித்துணுக்குகளைப் பதிந்து திரும்ப இசைக்கும் கருவி கடைகளில் எளிதாகக் கிடைக்காத காலத்தில், அதற்கென்றே தனியாகச் செய்த ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு உருவாக்கிய தொகுப்பு அது.

குறியாக்கம்:

மூன்றாவது சிக்கலுக்கு மட்டும் விடை தருகிறேன். இணையத்தில் திஸ்கி என்னும் பழைய குறியாக்கத்தில் தமிழ் படித்தவர்களுக்கு இந்தக் குப்பை பழக்கமானதுதான். எம்பி3 கோப்பின் தகவல் பட்டையில் எழுத்துகள் இன்ன குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் இன்ன முறையில், உள்ளன என்று அறிவிக்கும் ஓர் இடம் உண்டு. அக்காலத்து ஜப்பானிய மென்பொருள்கள் பல, அந்த இடத்தில் ‘மேற்கு ஐரோப்பிய எழுத்து’ என்று அறிவித்துவிட்டு, உள்ளே ஷிஃப்ட்-ஜிஸ் என்னும் ஜப்பானியக் குறியாக்கத்தின் பைட்டுகளை எழுதிவைத்தன. ஜப்பானியக் கணினி அதைச் சரியாகக் காட்டிவிடும். நம் கணினி அறிவிப்பை அப்படியே நம்பி ஐரோப்பியக் குறிகளாக வாசிக்கும்.

குறியாக்கத்தை மாற்றும் வசதியுள்ள தகவல் பட்டைத் திருத்தி எதையேனும் எடுத்துக்கொண்டு, மூலக் குறியாக்கமாக ஷிஃப்ட்-ஜிஸ்ஸுக்கு உரிய குறிமுறைப் பக்கம் 932ஐத் தேர்ந்து, யுனிகோடாகச் சேமியுங்கள். அதற்கு முன் கோப்புறை முழுவதையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். உச்சரிப்புக் குறிகளாகத் தெரியும்வரை மூல பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன என்று பொருள். ஏற்கெனவே யாரோ தவறாகச் சேமித்து எல்லாம் கேள்விக்குறிகளாகவே ஆகிவிட்ட கோப்புகளை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அவற்றுக்குத் தொகுப்பின் பெயரைக் கண்டுபிடித்துக் கையால்தான் தட்டச்சிட வேண்டும்.

இரண்டாவது சிக்கலும் ஏறத்தாழ இதற்கு உறவுதான். ஒரே பெயரை வெளியீட்டாளர் ஒருவர் ரோமன் எழுத்திலும் மற்றொருவர் ஜப்பானிய எழுத்திலும் பதிவுசெய்திருப்பார். குடும்பப் பெயர் முன்னும் பின்னுமாக மாறியும் இருக்கும். கலைக்களஞ்சியப் பக்கத்திலிருந்து ஜப்பானிய எழுத்திலுள்ள பெயரை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள்.

இடதுகாது:

நாடாப்பெட்டி ஐயா எண்பதுகளிலேயே நின்றுவிட்டார். கேள்வி கேட்டவருக்கு வேண்டிய விளையாட்டு தொண்ணூறுகளில்தான் முழுமையாகப் பூத்தது என்பது என் கருத்து. கெய்கோ ஒயமாடா என்பவர் ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ படத்தின் பாத்திரத்திலிருந்து கார்னீலியஸ் என்னும் பெயரை எடுத்துக்கொண்டு இசைத்து வருகிறார். அவருடைய ‘ஃபேன்டஸ்மா’ (1997) தொகுப்பின் முதல் இசை ‘மைக் செக்’, ஒலிவாங்கியைச் சோதிக்கும் சத்தங்களையே இசையாக அடுக்குகிறது; ஒலி தலைக்குள் இடமும் வலமும் நடமாடுவதால் காதணிபேசி இல்லாமல் கேட்பது வீண். நான்கு ஆண்டுகள் கழித்து வந்த ‘பாயிண்ட்’ தொகுப்பில் நேர்மாறாக, ஒலிகளைக் குறைத்துக் குறைத்து இடைவெளிகளைப் பெரிதாக்கினார். அதிலுள்ள ‘டிராப்’ பாடலில் தண்ணீர்ச் சத்தம் தாளத்தின் ஓர் உறுப்பாகவே இருக்கும். என்னைக் கேட்டால், ஹனாவுக்கு மிக அருகில் நிற்பது இந்தத் தொகுப்புதான். இரண்டிலும் ஒவ்வொரு ஒலியும் தனக்கென்று ஒதுக்கிய கட்டத்தில் மட்டுமே வந்து போகிறது.

அதே காலத்தவரான தகாகோ மினேகாவாவின் ‘கிளவுடி கிளவுட் கால்குலேட்டர்’ (1997), மெல்லிய குரலும் சிறுவர் விளையாட்டுப் பொருள் போன்ற விசைக்கருவி ஒலிகளும் சேர்ந்தது. முதல் கேட்பில் வெறும் இனிப்பாகத் தோன்றும், அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். நொபுகாசு தகேமுரா 1999இல் வெளியிட்ட ‘ஸ்கோப்’, குறுந்தட்டு கீறல்பட்டுத் திக்கும் சத்தத்தையே நெய்து செய்தது. ட்சுஜிகோ நொரிகோவின் ‘ஷோஜோ தோஷி’ (2001), வியன்னாவின் மேகோ என்னும் வெளியீட்டகத்திலிருந்து வந்தது. இரைச்சல் இசைக்குப் பேர்போன அந்த இடத்திலிருந்து இப்படி ஒரு பாட்டுக்குரல் வந்ததே அன்று புதுமை. விளையாட்டுத்தனம் தலைக்கேறிய நிலையைப் பார்க்க வேண்டுமானால் பிளஸ்-டெக் ஸ்க்வீஸ் பாக்ஸின் ‘கார்ட்டூம்!’ (2004) உண்டு. கார்ட்டூன் ஓசைகளும் ஜாஸ் துணுக்குகளும் நொடிக்கு நொடி மோதிக்கொள்ளும் அதை ஒரே அமர்வில் முழுமையாகக் கேட்க எனக்கே பொறுமை போதவில்லை.

இவற்றோடு பெர்ஃப்யூம் குழுவின் ‘பாலிரிதம்’ (2007) பாடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாடாப்பெட்டி:

பெர்ஃப்யூமைச் சோதனை இசை என்று சேர்ப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. மூன்று பெண்கள் நடனமாடிப் பாடும் வணிக வெற்றிப் பாடலை, தகேமுராவின் கீறல்பட்ட குறுந்தட்டுக்குப் பக்கத்தில் வைப்பது பொருந்துமா?

இடதுகாது:

அந்தப் பாடலின் நடுப்பகுதியை மட்டும் தனியாகக் கேளுங்கள், ஐயா. தலைப்புச் சொல்லையே துண்டுதுண்டாக வெட்டி, 4/4 அளவில் ஓடிக்கொண்டிருக்கும் தாளத்தின் மேல் 5/8, 6/8 அளவுகளை இசையமைப்பாளர் யசுடகா நகாட்டா ஏற்றிவிடுகிறார். குரல்கள் அடியிலிருந்து விலகி விலகிப் போய், பகுதி முடியும் இடத்தில் சரியாக ஒன்றுசேர்கின்றன. கொன்னக்கோல் கேட்டுப் பழகியவர்கள் கைவிரலில் எண்ணிப் பார்க்கத் தூண்டும் இடம் இது. மறுசுழற்சியை வலியுறுத்தும் பொதுநல விளம்பரத்துக்கும் இதே பாடல்தான் பயன்பட்டது. சோதனையைப் பெரும் கூட்டத்துக்கு நடுவே ஒளித்துவைப்பது இந்த மரபுக்குப் புதிதன்று. எல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா, காசுபோட்டு விளையாடும் ஒளித்திரை விளையாட்டின் சத்தங்களோடு செய்த ‘கம்ப்யூட்டர் கேம்’ 1980இல் பிரிட்டனின் முதல் இருபது பாடல்களுக்குள் நுழைந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாடாப்பெட்டி:

அந்த நடுப்பகுதியை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். பாடலின் மீதி அப்படியில்லை என்ற கருத்தில் மாற்றமில்லை. பெண்குரலில் விசித்திரம் வேண்டுவோருக்கு நான் சொல்வது ஜுன் டோகாவாதான். ஹொசோனோவும் தகஹஷியும் 1982இல் தொடங்கிய ‘யென்’ வெளியீட்டகத்திலிருந்து 1984இல் வந்த ‘தமஹிமே-சாமா’ தொகுப்பின் ‘முஷி நோ ஒன்னா’ பாடலில், பாகெல்பெல்லின் புகழ்பெற்ற ‘கேனன்’ இசையின் மேல் பூச்சியாகிப்போன பெண்ணைப் பற்றிப் பாடுகிறார். குழந்தைக் குரலிலிருந்து ஓபரா குரலுக்கு ஒரே தொகுப்பில் தாவுவார். அதே வெளியீட்டகத்தில் மிஹாரு கோஷியின் ‘டூட்டூ’ (1983) தொகுப்பும் இருக்கிறது. தயாரித்தவர், சொல்லவே வேண்டாம், ஹொசோனோ.

ஒலிவேட்டை:

இருவருக்கும் மிக்க நன்றி. ஆட்களின் பெயரைப் பிடித்து நகரும் வழி நன்றாகவே பயன்பட்டது. யுஸானிலிருந்து ஹரகாமிக்குப் போய் ‘லஸ்ட்’ தொகுப்பை ஓடவிட்டதும், செயலியே யானோகாமியைப் பரிந்துரைத்தது. ‘பாயிண்ட்’ பற்றி இடதுகாது சொன்னது மிகப் பொருத்தம். ‘டிராப்’ பாடலில் கிதாரும் தண்ணீரும் மாறிமாறி இடம் விட்டுக்கொடுப்பதைக் கவனித்தபோது எனக்கு ‘ஹனா’வின் தபலாவே நினைவுக்கு வந்தது. ‘கார்ட்டூம்!’ எனக்குப் பிடித்திருக்கிறது, முழுமையாகவே கேட்டேன். ‘கொச்சின் மூன்’ மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

ஒரு சிறு சிக்கல் மீதம் இருக்கிறது. குறியாக்கம் கூறியபடி 932ஐத் தேர்ந்து மாற்றியதும் திருத்தியில் ஜப்பானிய எழுத்துகள் சரியாக வந்துவிட்டன. ஆனால் கைப்பேசியின் இசைப்பானில் பழைய குப்பையே தெரிகிறது.

நாடாப்பெட்டி:

‘கொச்சின் மூன்’ தொகுப்பை முதலில் இருந்து கேட்க வேண்டாம். மெட்ராஸ் பெயர் தாங்கிய கடைசி இசையை மட்டும் இரவில் காதணிபேசியில் கேட்டுவிட்டு, பிறகு பின்னோக்கி வாருங்கள்.

குறியாக்கம்:

இரண்டு காரணங்கள் இருக்கலாம். இசைப்பான் முன்பு சேமித்த பட்டியலையே காட்டிக்கொண்டிருக்கலாம்; அதன் தற்காலிகச் சேமிப்பை அழித்துவிட்டு நூலகத்தை மறுபடி வருடச் சொல்லுங்கள். அதன் பின்னும் மாறவில்லையெனில், கோப்பின் முடிவில் பழைய முதல் பதிப்புத் தகவல் பட்டை ஒன்று தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும். யுனிகோடை அறியாத அந்தப் பட்டையைத் திருத்தியின் அமைப்புகளில் நீக்கிவிட்டு, தகவல் பட்டையின் 2.3 பதிப்பில் யூடிஎஃப்-16 என்னும் யுனிகோடு வடிவில் மட்டும் மறுபடி சேமியுங்கள். 2.4 பதிப்பைப் பழைய இசைப்பான்கள் சில சரியாக வாசிப்பதில்லை.