க்ளூனி மடாலயப் படங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கக் கட்டடக்கலை அறிஞர் கென்னத் ஜான் கானன்ட் (1894–1984) பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹார்வர்டில் பாடம் நடத்தியவர். பிரான்ஸின் க்ளூனி மடாலயத்தில் 1928 முதல் 1950 வரை, நடுவில் இரண்டாம் உலகப் போரால் தடைபட்டாலும் கைவிடாமல், அகழாய்வு செய்தவர்.

1088-ல் கட்டத் தொடங்கிய அந்த மடாலயத்தின் தேவாலயம் சுமார் 187 மீட்டர் நீளம். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு விற்று, பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். முக்கியமாக மிஞ்சியது குறுக்குக்கூடத்தின் (சிலுவை வடிவத் தேவாலயத்தின் குறுக்குப் பகுதி) தென்கையும் அதன் எண்கோணக் கோபுரமும்தான். மற்ற இடத்தில் தெருவும் கட்டடங்களும் வந்துவிட்டன. அதனால் கானன்ட் அங்கங்கே குழி தோண்டி, அகப்பட்ட அடித்தளங்களை அளந்து, முழுக் கோயிலையும் தாளில் வரைந்து எழுப்பினார். அந்த வரைபடங்களைப் பார்த்தாலே பிரமிப்பாக இருக்கிறது!

எனக்கு வேண்டியது இரண்டு. பிரான்ஸில் இருப்பவர்கள் யாராவது க்ளூனி போயிருந்தால், அங்குள்ள பழைய மாவுக் கிடங்கில் வைத்திருக்கும் தூண் போதிகைகளின் (தூணின் உச்சியில் வரும் செதுக்கிய கற்கள்) படங்கள் தேவை. முக்கியமாக, நரம்பிசைக் கருவி மீட்டும் உருவம் உள்ள போதிகை. பக்கவாட்டிலிருந்தும் எடுத்திருந்தால் ரொம்ப நல்லது, செதுக்கலின் ஆழம் தெரிய வேண்டும். இவற்றை 1095-க்கு முன்பே செதுக்கிவிட்டார்கள் என்றார் கானன்ட். பின்னால் வந்த பலர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த விவாதம்தான் கட்டுரையின் மையம்.

அடுத்து, 1968-ல் பிரெஞ்சில் வெளியான அவருடைய அகழாய்வு நூல். நூலகத்தில் பார்க்க முடிந்தவர்கள், போதிகைகள் பற்றிய பக்கங்களை மட்டும் படித்து விளக்கினால் போதும். படம் தருபவர்கள் பெயரைக் கட்டுரையில் கட்டாயம் குறிப்பிடுவேன். உள்பெட்டியில் சொல்லுங்கள்.