லால்குடி ஜெயராமனைக் கேட்ட அனுபவங்கள்

வயலின் ஆசிரியை, மயிலாப்பூர்

வயலின் வித்துவான் லால்குடி ஜெயராமன் அவர்களை நான் மேடைக்கு மிக அருகில் அமர்ந்து கேட்டது எண்பதுகளின் பிற்பகுதியில், ஒரு டிசம்பர் சீசனில். மகன் ஜி.ஜே.ஆர். கிருஷ்ணனும் உடன் வாசித்தார். வர்ணங்களை முடித்துக் கீர்த்தனைகளில் நுழைந்திருந்த மாணவியாக நான் இருந்த காலம் அது. வயலின் கற்பவர்கள் கச்சேரிக்குப் போனால் கலைஞரின் இடக்கையைத்தான் பார்ப்பார்கள். கமகமும் (சுரத்தை அசைத்து வளைப்பது) பிருகாவும் (மின்னல் வேகச் சுரக்கோவை) விரல்களில் பிறக்கின்றன என்பது காரணம். அன்று என் பார்வை முழுவதும் அவருடைய வில்லின் மீதே இருந்தது. சாகித்தியத்தில், அதாவது பாடலின் சொற்களில், ஓர் எழுத்து அழுத்தி விழும் இடத்தில் வில் புதிதாகத் தொடங்கியது. உயிரோசை நீளும் இடத்தில் அதே வில் தயங்காமல் நீண்டுகொண்டே போக, விரல்கள் மட்டும் அசைந்தன. பாடலை அறிந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சொற்களே காதில் விழும்.

அந்தப் பாணியில் பயின்ற ஓர் ஆசிரியரிடம் நான் பின்னர் பாடம் கேட்டேன். ‘எந்தரோ மஹானுபாவுலு’ கீர்த்தனையை எடுத்துக்கொண்டபோது, முதல் சில வகுப்புகளில் வயலினைப் பெட்டியிலிருந்து எடுக்கவே அவர் அனுமதிக்கவில்லை. வாயால் பாட வேண்டும். தாளம் போட்டபடி பதம் பிரிக்க வேண்டும். எந்த எழுத்தில் மூச்சு விழுகிறது என்று கவனிக்க வேண்டும். அதன் பிறகுதான் வில். ‘ரோ’ என்னும் நெடில் முடியும் முன் வில் திரும்பினால் உடனே நிறுத்திவிடுவார். சுரங்கள் ஒன்றுகூடப் பிசகாமல் வாசித்தாலும், வில் தவறான இடத்தில் திரும்பினால் சொல் இரண்டாக உடைந்துவிடும் என்பதை என் காதே எனக்குக் காட்டிக்கொடுத்தது.

முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வழியாக நம் இசைக்குள் வந்த வாத்தியம் இது. தரையில் அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலது காலில் ஊன்றிக்கொள்வதால் வாத்தியத்தின் எடையை இடக்கை சுமப்பதில்லை. விரல்கள் தந்தியின் மேல் தடையின்றி ஏறி இறங்க முடிகிறது. இந்த வசதியை முன்னோர் எல்லோரும் பயன்படுத்தினார்கள். வலக்கைக்கும் அதே அளவு யோசனை தேவை என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் வாசித்துக் காட்டியவராக நான் ஜெயராமனைக் கருதுகிறேன்.

ரசிகர், திருச்சி

மேலே சகோதரி எழுதியிருப்பதற்கு வேர் அவருடைய ஊரான லால்குடியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஜெயராமனின் முன்னோரான ராமய்யர் தியாகராஜரின் நேர்ச் சீடர். தியாகராஜர் லால்குடிக்கு வந்தபோது சப்தரிஷீஸ்வரர் மீதும் அம்பாள் ஸ்ரீமதி மீதும் பாடிய ஐந்து கீர்த்தனைகள் லால்குடி பஞ்சரத்தினம் என்று வழங்குகின்றன. 1930-இல் பிறந்த ஜெயராமனுக்குத் தந்தை வி.ஆர். கோபாலய்யரே குரு. சாகித்தியத்தைப் பொக்கிஷமாகக் காத்த வீட்டில் வளர்ந்த பிள்ளையின் வில் சொல்லை விட்டு விலகாததில் வியப்பில்லை.

நான் சொல்ல விரும்புவது அவருடைய பக்கவாத்தியத்தை, அதாவது பாடகருக்குத் துணையாக அவர் வாசித்ததைப் பற்றி. பன்னிரண்டு வயதிலேயே பக்கம் வாசிக்கத் தொடங்கியவர் அவர். எங்கள் வீட்டு வானொலியில் பாடகர் மதுரை மணி ஐயருக்கு அவர் வாசித்த கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். மணி ஐயரின் சர்வலகு சுரங்கள், கணக்குச் சிக்கலின்றித் தாளத்தோடு இயல்பாகச் செல்பவை, ஓடை போல ஓடும். அதற்கு வயலினில் வரும் பதிலும் அதே நடையில், மணி ஐயர் விட்ட இடத்திலிருந்தே தொடங்கும். பாடகர்கள் ஆலத்தூர் சகோதரர்களின் ஒலிப்பதிவு ஒன்றைப் பிற்காலத்தில் கேட்டபோது, கணக்கு நிறைந்த அவர்களுடைய பல்லவிக்கு அதே மனிதர் வேறொரு வயலின் வித்துவானைப் போல ஈடுகொடுத்திருந்தார். பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் மின்னல் வேகப் பிருகாவுக்கும் அப்படியே. பாடகரை மிஞ்சும் ஆற்றல் இருந்தும் பாடகரின் மனோதர்மத்துக்குள் (மேடையில் எழும் கற்பனைக்குள்) நின்று வாசித்ததை அவருடைய தனிக்கச்சேரிகளுக்கும் மேலாக நான் வைப்பேன். இதில் பலர் என்னோடு உடன்படமாட்டார்கள் என்பது தெரியும்.

1966-இல் புல்லாங்குழல் என். ரமணி, வீணை ஆர். வெங்கட்ராமன் இருவருடனும் சேர்ந்து அவர் தொடங்கிய வயலின்–வேணு–வீணைக் கச்சேரிகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். பக்கத்தில் அமர்ந்து பழகிய காது அங்கேயும் பயன்பட்டது. மூவரில் ஒருவர் முன்னே வரும்போது மற்ற இருவரும் ஒலியைத் தணித்துக்கொள்வதை அந்தப் பதிவுகளில் தெளிவாகக் கேட்கலாம்.

நடன ஆசிரியை, கோயம்புத்தூர்

நான் ஜெயராமனை நேரில் சந்தித்ததில்லை. ஆனால் என் மாணவிகளின் அரங்கேற்றங்களில் அவர் இல்லாமல் இருந்ததே இல்லை. அவர் சாருகேசி ராகத்தில் இயற்றிய ‘இன்னும் என் மனம்’ வர்ணமும், மோகனகல்யாணி ராகத் தில்லானாவும் (ஜதிச் சொற்களால் ஆன விறுவிறுப்பான உருப்படி) எங்கள் வகுப்பின் அன்றாடப் பாடங்கள். நவரசங்களுக்கும் ஒவ்வொரு ராகமாக அவர் அமைத்த ‘அங்கயற்கண்ணி’ பதவர்ணத்தை, நன்றாகத் தேறிய பிள்ளைகளுக்கு மட்டுமே எடுக்கிறேன், ஏனெனில் ராகம் மாறும் அதே நொடியில் முகமும் மாறியாக வேண்டும்.

ஆடுபவர்களுக்கு அவருடைய தில்லானாக்கள் ஏன் இவ்வளவு இசைவாக இருக்கின்றன என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். ஜதிச் சொற்களின் வல்லோசை எல்லாம் பாதம் தட்டும் இடத்தில் வந்து விழுகின்றன. அடவு (நடனத்தின் அடிப்படை அசைவு) கோக்கும்போது எந்தச் சொல்லையும் நான் இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை. எழுத்துக்கு எழுத்து வில் போட்டுப் பழகியவர் இயற்றியவை என்பதை வயலின் ஆசிரியை எழுதியதைப் படித்த பிறகு காரணமாக ஏற்றுக்கொள்கிறேன். 2013 ஏப்ரலில் அவர் மறைந்த செய்தி வந்தபோது, எங்கள் வகுப்பில் அன்று வேறு எதையும் எடுக்காமல் அவருடைய தில்லானாக்களையே ஆடினோம்.

அவர் இசையமைத்த ‘ஜய ஜய தேவி’ நாட்டிய நாடகத்தை மேடையில் பார்த்தவர்கள் இங்கே இருந்தால், அதன் பாத்திரப் பாடல்களுக்கு நட்டுவாங்கம் (தாளம் தட்டி ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்துவது) எப்படி அமைந்திருந்தது என்பதை விரிவாக எழுதுமாறு வேண்டிக்கொள்கிறேன்.