ஜூன் மாத இலங்கைப் பயணம்: மழைக்கு அஞ்சி ஒத்திவைக்க வேண்டுமா?

வழிப்போக்கன்:
வணக்கம். ஜூன் கடைசியில் பத்து நாள் விடுமுறை கிடைத்திருக்கிறது. அறுபத்தெட்டு வயதான அம்மாவையும் அழைத்துக்கொண்டு கொழும்பு, காலி, கண்டி, நுவரெலியா என்று ஒரு சுற்று வரலாம் என எண்ணியிருந்தேன். ஆனால் அது அங்கே மழைக்காலம், போகவே வேண்டாம் என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். விடுதி வாடகை குறைவாக இருப்பதால் விட்டுவிடவும் மனம் வரவில்லை. நாள் முழுவதும் அறைக்குள் அடைந்து கிடக்க நேருமா, கடலில் இறங்க முடியுமா என்பதை அந்த மாதங்களில் போய் வந்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

சோளகம்:
நாடு முழுவதற்கும் பொதுவான மழைக்காலம் என்று இலங்கையில் ஒன்று இல்லை. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை நடுவிலுள்ள மலைநாடு மறித்து வாங்கிக்கொள்வதால், கொழும்பும் காலியும் இரத்தினபுரியும் மலையின் மேற்குச் சரிவும் நனைந்துகொண்டிருக்கும் அதே நாட்களில், திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வெயில் கொளுத்தும். மலையைத் தாண்டி இறங்குகையில் காய்ந்து சூடேறிவிடும் அந்தக் காற்றைக் கிழக்கு மாகாணத்தார் கச்சான் என்பார்கள். யாழ்ப்பாணத்தாருக்கு அது சோளகம் (என் புனைபெயர் அங்கிருந்து வந்ததுதான்). டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றின்போது மழை வடக்கு, கிழக்குப் பக்கம் வந்துவிடும்.

மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் பலர் படகும் வலையுமாகக் கிழக்குக் கரைக்குப் பெயர்ந்து செல்வது நெடுங்கால வழக்கம். நீங்களும் அவர்கள் போகும் திசையிலேயே போங்கள். திருகோணமலைக்கு அருகிலுள்ள நிலாவெளியில் கடல் ஜூனில் அமைதியாக இருக்கும். புறாத்தீவுக்குப் படகும் ஓடும். அம்மாவுக்குக் கோணேசர் கோயிலும், அடுத்தடுத்து ஏழு கிணறுகளாக இருக்கும் கன்னியா வெந்நீரூற்றும் பிடிக்கும். ஒவ்வொரு கிணற்றிலும் வெந்நீரின் சூடு சற்றே மாறுபடுவதை மொண்டு ஊற்றிப் பார்க்கலாம். போகும் வழியில் அனுராதபுரம், பொலன்னறுவை இரண்டும் உலர்ந்த பகுதிகளே. அங்கெல்லாம் குடை தேவைப்படும், ஆனால் வெயிலுக்காக.

தேயிலைச்சரிவு:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் மலைநாட்டை அடியோடு விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஒரு ஜூலையில் நுவரெலியாவில் மூன்று நாள் தங்கினேன். கொட்டும் மழை என்று சொல்ல முடியாது; சலித்த மாவைப் போன்ற தூறல் ஓயாமல் விழுந்தது, துவைத்த சட்டை மூன்றாம் நாளும் காயவில்லை. ஹோர்ட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்ற செங்குத்து மலை விளிம்பில் அரை மணி நேரம் நின்றும் வெள்ளைச் சுவர் போன்ற மேகத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஆனால் அங்கிருந்து பதுளைக்கு ரயிலில் போனபோது, பட்டிப்பொலைக்கு அப்பால் உச்சியிலுள்ள சுரங்கத்துக்குள் கண்ணாடியில் நீர் வழிய நுழைந்த பெட்டி, மறுபுறம் வெயிலில் வெளியே வந்தது! சோளகம் சொல்லும் அந்த மறிப்பை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிடலாம். எனவே நுவரெலியாவுக்கு ஒரே இரவு ஒதுக்கி, மிச்ச நாளைச் சுரங்கத்துக்கு அப்பாலுள்ள பண்டாரவளைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதை பெரிதும் சேதமடைந்தது என்பதால், எந்த நிலையம் வரை வண்டி ஓடுகிறது என்று விசாரித்த பிறகே சீட்டு எடுக்கவும்.

சிங்கராஜ வனத்தை இந்த முறை தவிர்த்துவிடுங்கள். ஈரக்காட்டில் அட்டைகள் காலுறைக்குள் எப்போது புகுந்தன என்றே தெரியாது. அறைக்குத் திரும்பிக் காலுறையைக் கழற்றி, இரத்தக் கறையைப் பார்த்த பிறகுதான் தெரியும். வயதானவர்களுக்கு அது வேண்டாத தொல்லை.

கரையோரம்:
கடலைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். காலி, உனவட்டுன, ஹிக்கடுவைப் பக்கம் ஜூனில் வெயில் அடிக்கும் நாளிலும் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் வலுவாக இருக்கும். செங்கொடி நட்டிருந்தால் கால் நனைப்பதோடு நின்றுவிடுங்கள். இரத்தினபுரி, கேகாலை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தால் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் (பேரிடர் மேலாண்மை மையம்) அவசர எண் 117. மழை நின்ற பிறகு தேங்கும் நீரில் டெங்குக் கொசு பெருகும் என்பதால் கொசு விரட்டும் களிம்பையும் மறக்க வேண்டாம்.

வழிப்போக்கன்:
அனைவருக்கும் நன்றி. கொழும்பில் ஓர் இரவு, பிறகு அனுராதபுரம், திருகோணமலையில் நான்கு நாள், திரும்பும் வழியில் கண்டி, பண்டாரவளை என்று மாற்றிவிட்டேன். காலியை முழுவதுமாக விட்டுவிடத்தான் வேண்டுமா?

கரையோரம்:
வேண்டாம். காலியில் முக்கியம் கோட்டைதான். அதன் தெருக்களை மழை விடும் இடைவெளியில் நடந்தே பார்த்துவிடலாம். கொழும்பிலிருந்து காலையில் ரயிலேறி மாலையில் திரும்பிவிடுங்கள், கடற்பக்கத்து இருக்கையாகப் பார்த்து அம்மாவை அமர்த்துங்கள்.