பழைய வைஸில் துரு நீக்க மின்னாற்பகுப்பா, ஆசிடா?

உலைக்களம்:
துருவும் மூன்று அடுக்குப் பச்சைப் பெயின்டும் ஏறிக் கிடந்த வார்ப்பிரும்பு பெஞ்ச் வைஸ் (பட்டறை மேசையில் பொருளைக் கவ்விப் பிடிக்கும் கருவி) ஒன்றைச் சென்ற வாரம் மின்னாற்பகுப்பு முறையில், அதாவது கரைசலில் மூழ்கவிட்டு மின்சாரம் செலுத்தி, சுத்தம் செய்தேன். 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி நிறையத் தண்ணீர், அதில் 5 மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், இவ்வளவுதான் சாமான். எதிர்முனையை வைஸிலும் நேர்முனையை ஓர் இரும்புத் தகட்டிலும் மாட்டி, ஒன்றையொன்று தொடாதபடி தொங்கவிட்டேன். மறுநாள் காலையில் பெயின்ட் காய்ச்சிய பாலின் ஏடுபோல் சுருண்டு கையோடு வந்தது. துரு இருந்த இடத்தில் ஒட்டியிருந்த கறுப்புப் பொடியைத் தேய்த்தபோது, வார்ப்பில் பொறித்த எழுத்துகள் கூர்மை குறையாமல் தெரிந்தன. ஆசிடில் போட்டிருந்தால் அவை மழுங்கியிருக்கும் என்பது என் கட்சி.

கடைசல்காரர்:
அந்தக் கட்சியில் நான் இல்லை. ஆசிடில் சீக்கிரம் முடிகிற வேலைக்கு ஓர் இரவைச் செலவிடுவானேன்? மின்சாரம் தகட்டுக்கு நேரே உள்ள முகத்தைத்தான் நன்றாகச் சுத்தம் செய்யும். திருகின் மரையிடுக்கும் துளைகளும் அப்படியே நிற்கும். அதைவிடப் பெரிய குறை, எதிர்முனையில் பிறக்கும் ஹைட்ரஜன் கடினப்படுத்திய எஃகுக்குள் புகுந்து, அதைப் பாரம் தாங்காமல் முறிகிற நிலைக்குக் கொண்டுவந்துவிடும் என்பது.

உலைக்களம்:
நான்கு புறமும் தகடு நிறுத்தினால் முதல் குறை பெரும்பாலும் தீரும். ஹைட்ரஜன் குற்றச்சாட்டை ஆசிடின் தரப்பிலிருந்து நீங்கள் சொல்வதுதான் வியப்பு, ஏனெனில் ஆசிட் இரும்பை அரிக்கும்போதும் அதே ஹைட்ரஜன்தான் பிறக்கிறது. ஸ்பிரிங்கையும் உயர்வலிமை போல்ட்டையும் இரண்டிலுமே போடக் கூடாது. அவற்றுக்குக் கம்பி பிரஷ்தான் சரி. மேலும், பெயின்டை உங்கள் ஆசிட் எடுக்காதே, அதற்குத் தனி மருந்து வாங்க வேண்டுமல்லவா?

வேதியியல் ஆசிரியை:
இருவருமே சொல்லாமல் விட்ட ஆபத்து ஒன்று உண்டு. துருப்பிடிக்காது என்ற ஆசையில் எவர்சில்வர் தட்டை நேர்முனையில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள குரோமியம் கரைந்து, புற்றுநோய் உண்டாக்கும் ஆறிணைதிற (hexavalent) குரோமியம் என்ற வடிவில் வாளித் தண்ணீரில் சேரும். சோடாவுக்குப் பதிலாகக் கறியுப்பைப் போட்டால் குளோரின் வரும். காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பற்றும் என்பதால், மூடிய அறையில் இதைச் செய்யவே கூடாது. பழைய பெயின்டில் காரீயம் இருக்கக்கூடும். அந்தக் கசடைச் சாக்கடையில் கொட்டாதீர்கள்.

கடைசல்காரர்:
எவர்சில்வர் செய்தி எனக்குப் புதிது, நன்றி. ஆசிடால் பெயின்ட் போகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். திருகை மட்டும் என் வழியிலேயே செய்வேன். ஆனால் என்னிடம் உள்ள புதிய சார்ஜரை மாட்டிப் பார்த்தபோது ஒரு குமிழிகூட வரவில்லையே, ஏன்?

உலைக்களம்:
தானியங்கி சார்ஜர்கள் பலவும் எதிரே பேட்டரி இருப்பதை உணர்ந்தால்தான் மின்சாரம் விடும். கையால் தூக்கினால் கனக்கிற பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜராகத் தேடுங்கள். வைஸை வெளியே எடுத்ததும் கழுவி, துடைத்து, அன்றே ப்ரைமர் அடித்துவிடுங்கள்; ஈரத்தோடு விட்டால் மாலைக்குள் மறுபடி செந்துரு படரும்.