கண்ணாடி டம்ளருக்கு உருவம் இல்லையா?

'அமார்ஃபஸ்' (amorphous) என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி நான்கு ஊர்க்காரர்கள் எழுதியவை:

காட்பாடியிலிருந்து:

'அமார்ஃபஸ்' என்ற சொல் எனக்கு அறிமுகமானது பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில். தமிழ்வழிப் பள்ளி. சார் கரும்பலகையில் 'உருவமற்ற திண்மம்' என்று எழுதி, உதாரணம் கண்ணாடி என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. காலையில் டீ குடித்த டம்ளருக்கு வாய் இருக்கிறது, அடி இருக்கிறது, பக்கவாட்டில் கோடு கோடாகப் பள்ளம்கூட இருக்கிறது. எழுந்து கேட்டேவிட்டேன்.

சார் கோபப்படவில்லை. மறுநாள் கல்கண்டும் பஞ்சுமிட்டாயும் வாங்கி வந்தார். இரண்டும் ஒரே சர்க்கரைதான். கல்கண்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கச் சொன்னார். தட்டையான முகங்கள், கூரான விளிம்புகள். குடியாத்தம் தறியில் பாவு ஓடுகிற மாதிரி மூலக்கூறுகள் வரிசை தப்பாமல் அடுக்கி நிற்பதால் வந்தவை அவை. பஞ்சுமிட்டாயில் உருகிய சர்க்கரை இழையாக வெளியே வந்த வேகத்தில் இறுகிவிடுகிறது. வரிசையில் போய் நிற்க மூலக்கூறுகளுக்கு நேரமே கிடைப்பதில்லை. கண்ணாடியும் அப்படித்தான்.

"வெளியே தெரியற வடிவம் இல்லம்மா, உள்ளே நிக்கிற வரிசையைச் சொல்றேன்" என்றார். மத்தியானத்துக்குள் பஞ்சுமிட்டாய் காற்றின் ஈரத்தை வாங்கிப் பிசுபிசுவென்று சுருங்கிவிட்டது. கல்கண்டு அப்படியே இருந்தது.

இப்போது நானும் டியூஷன் எடுக்கிறேன். 'படிக வடிவமற்ற' என்றுதான் பிள்ளைகளை எழுதச் சொல்கிறேன். அந்தப் 'படிக'வை விட்டால் அர்த்தமே மாறிவிடும்.

சத்துவாச்சாரியிலிருந்து:

சொல்லின் வேர் கிரேக்கம். 'மார்ஃபே' என்றால் உருவம், முன்னால் உள்ள 'அ' இன்மையைக் குறிக்கும். நம் 'அரூபம்' நினைவுக்கு வருகிறதா? வடமொழியின் அந்த 'அ'வும் கிரேக்க 'அ'வும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் அமார்ஃபஸை 'அருவம்' என்று மொழிபெயர்த்தால் தப்பு. 1981இல் எங்கள் ஊரிலிருந்துதான் லிங்கம் வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பியது. அங்கே போகும்போதெல்லாம் தாத்தா சொல்வார்: அருவம் கண்ணுக்கே தெரியாதது, உருவம் அங்க அடையாளங்களோடு தெரிவது, லிங்கம் இரண்டுக்கும் நடுவே, அருவுருவம். அமார்ஃபஸ் என்பது கையில் அள்ளக்கூடிய பொருளுக்கும் பொருந்துகிற சொல். அருவத்தை எப்படி அள்ளுவது?

ஆரணியிலிருந்து:

நான் அள்ளியிருக்கிறேன்! எங்களுடையது அரிசி ஆலை. உமிச் சாம்பல் வாங்க வந்தவர் "அமார்ஃபஸா?" என்று கேட்டார். சாம்பலுக்கு ஏது உருவம் என்று நினைத்து, ஆமாம் என்று தலையாட்டினேன். அப்புறம்தான் விளக்கினார். உமிச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. சூட்டைக் கட்டுக்குள் வைத்து எரித்தால் அது ஒழுங்கற்ற அமைப்பிலேயே இருக்கும், சிமெண்டோடு நன்றாகச் சேரும். சூடு மிஞ்சினால் படிகமாகிவிடும். அந்தத் தூசியை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்கு ஆகாது. அன்றிலிருந்து உலைப் பக்கம் போகிற பையன்களை முகக்கவசம் இல்லாமல் விடுவதில்லை.

ராணிப்பேட்டையிலிருந்து:

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைத் திட்டம், எண்ணம், கூட்டம் எல்லாவற்றுக்கும் போடுவார்கள். போன மாதம் ஒரு நோயாளியின் கடிதத்தில் 'அமார்ஃபஸ் ஃபியர்' என்று வந்தது. 'உருவமற்ற பயம்' என்று எழுதி, அடித்துவிட்டு, 'இன்னதென்று சொல்லத் தெரியாத பயம்' என்று மாற்றினேன்.